ஒளியால் எழுதும் கலை

கண்ணாற் கண்டதைக் காத்து வைக்க வேண்டும் என்னும் விருப்பம் மனிதனுக்கு மிகப் பழமையானது. போரில் வீழ்ந்த வீரனது உருவை நடுகல்லிற் பொறித்ததும், சித்தன்னவாசற் குடைவரையில் தாமரைக் குளத்தை வண்ணத்தால் தீட்டியதும் அவ்விருப்பத்தின் பயனே. ஆயினும் உளியும் தூரிகையும் கைவந்தவர் எக்காலத்தும் சிலரே. ஏனையோர் தாம் கண்ட காட்சியை நெஞ்சில் வைத்திருந்தனர். அவரோடு அக்காட்சியும் மறைந்தது. இன்று அந்நிலை இல்லை. வயலில் உழைப்பவர் மடியிலும் கேமரா பொருத்திய செல்பேசி இருக்கின்றது. விரலால் ஒருமுறை தொட்டால் படம் விழுகின்றது. இத்துணை எளிதிற் கிட்டுவதனை ஒரு கலை என்று பயிலவும் வேண்டுமோ எனச் சிலர் வினவுவர். எழுதுகோல் எல்லார் கையிலும் இருக்கின்றது; அதனால் எல்லாரும் நல்ல கடிதம் எழுதிவிடுவதில்லை. கேமராவின் செய்தியும் அத்தகையதே.

இக்கலையின் ஆங்கிலப் பெயர் 'ஒளி', 'எழுதுதல்' என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களால் ஆனது. நம் நாட்டு வழக்கில் இதனைப் புகைப்படம் என்பர். நிழற்படம் என்பாரும் உளர். புகைக்கு இங்கே வேலை இல்லை. நிழலோ ஒளியின் இன்மையைக் குறிப்பது. ஆதலின் ஒளிப்படம் என்னும் சொல்லே சாலப் பொருந்தும். சொல்லில் என்ன இருக்கின்றது என்று கருதற்க. இக்கலையைத் தொடங்குவோன் முதற்கண் மனத்திற் கொள்ளத்தக்க உண்மை அச்சொல்லினுள் இருக்கின்றது. பொருளின்மேற் பட்டுத் திரும்பும் ஒளியையே கேமரா பதிவு செய்கின்றது. ஒளி நன்றாயின் உடைந்த மட்கலமும் அழகிய படமாகும். ஒளி தீதாயின் பொற்கலமும் பொலிவிழந்து தோன்றும்.

ஒளியைக் கொண்டு நிலையான படம் ஆக்கும் முயற்சியில் வெற்றி கண்டவருள் முன்னோடி பிரான்சு நாட்டு நியெப்ஸ் என்பவர். 1826 அல்லது 1827-ஆம் ஆண்டில் தம் வீட்டுச் சாளரத்தின் வழியே தெரிந்த காட்சியை அவர் ஓர் உலோகத் தகட்டிற் பதித்தார். 1839-இல் தாகேர் என்பாரது முறை பாரிசு நகரில் வெளியிடப்பட்டது. அதன்பின் இருபது ஆண்டுகள் நிரம்புமுன் இக்கலை தமிழ்நாட்டுக் கோயில்களைத் தேடி வந்துவிட்டது. சென்னை அரசாங்கத்தின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பெற்ற லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி திருவரங்கம், தஞ்சை, மதுரை முதலிய ஊர்கட்குச் சென்று படம் எடுத்தார்; அப்படங்கள் 1858-இல் வெளியிடப்பெற்றன. அக்காலத்துக் கேமரா ஒரு பெரிய மரப்பெட்டி. மெழுகூட்டிய தாளில் ஒளியால் மாறும் மருந்துகளைத் தோய்த்து, அதனைப் பெட்டியினுள் வைத்து, ஒளியை நெடுநேரம் உட்புகவிட்டுப் பின்னர் இருளறையிற் கழுவி எடுத்தல் வேண்டும். சற்றே பிழை நேரினும் தாளும் உழைப்பும் வீணாகும்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி இராசராச சோழன் காலத்துக் கல்வெட்டுகள் வரிவரியாக ஓடுகின்றன. டிரைப் அவற்றை 21 படங்களாக எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி, ஒரே நீண்ட படமாக அமைத்தார். ஒவ்வொரு முறையும் கேமராவைச் சுவரிலிருந்து ஒரே தொலைவில் நிறுத்தினாலன்றி எழுத்துகளின் அளவு ஒத்து வாராது. ஒவ்வொரு முறையும் ஒளி ஒத்திருந்தாலன்றி இணைப்பு மறையாது. அக்கல்வெட்டுகள் அறிஞராற் படிக்கப்பெற்று நூலாக வெளிவரத் தொடங்கிய ஆண்டு 1891. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் முன்னரே அவற்றின் உருவம் தாளிற் பதிந்துவிட்டது. இருபத்தொரு படங்கட்கு அவர் பட்ட பாட்டை நினைந்து, நாம் ஒரு திருமண வீட்டில் ஒருநாளில் எடுத்துக் குவிக்கும் படங்களையும் நினைத்துப் பார்த்தல் நன்று.

டிஜிட்டல் கேமராவில் தாளும் இல்லை, படச்சுருளும் இல்லை. லென்சுக்குப் பின்னே உணரி என்னும் மெல்லிய சில்லு ஒன்று இருக்கின்றது. அதில் நுண்ணிய ஒளிக்கலங்கள் கோடிக்கணக்கில் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. பாத்தி கட்டிய கீரைத் தோட்டத்தில் மழை பெய்வதாக எண்ணிக் கொள்ளுங்கள். எந்தப் பாத்தியில் எத்துணை நீர் விழுந்தது என்று ஒருவன் அளந்து ஏட்டிற் குறித்தால், அக்கணக்கைக் கொண்டே மழை பெய்த முறையை நாம் அறியலாம். அவ்வாறே ஒவ்வொரு கலத்திலும் விழுந்த ஒளி மின்னூட்டமாக மாறுகின்றது. அம்மின்னூட்டத்தின் அளவு ஓர் எண்ணாகக் குறிக்கப்படுகின்றது. முழுக் கருமைக்கு 0, முழு வெண்மைக்கு 255, இடைப்பட்டவற்றிற்கு இடைப்பட்ட எண் என்பது பெருவழக்கான கணக்கு. வண்ணத்தை அறியும்பொருட்டுக் கலங்களின்மேல் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூவகை வடிகட்டிகள் பரப்பப்பட்டுள்ளன. அவற்றுள் பாதி பச்சை. கால் பங்கு சிவப்பு. கால் பங்கு நீலம். மக்களது கண் பச்சை ஒளியின் வேறுபாடுகளை நுட்பமாக உணர்தலே இப்பங்கீட்டிற்குக் காரணம். ஆகவே செல்பேசியில் உள்ள உங்கள் தாயாரது படம் உண்மையில் எண்களின் நீண்ட அட்டவணையே ஆகும். எண்ணிலிருந்து உருவம் பிறக்கும் விந்தை இது.

இவ்விந்தை ஒருநாளில் நிகழ்ந்ததன்று. ஒளியை மின்னூட்டமாக மாற்றி வரிசையாக அளந்து தரும் சில்லினை 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பாயில், சுமித் என்னும் இருவர் அமைத்தனர். அதற்காக 2009-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் அவர்கள் பங்கு பெற்றனர். 1975-இல் கோடாக் நிறுவனத்துப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் என்பவர் முதல் டிஜிட்டல் கேமராவை உருவாக்கினார். அதன் எடை ஏறத்தாழ 3.6 கிலோ. ஒரு படத்தை ஒலிநாடாவிற் பதிய 23 விநாடிகள் ஆயின. அப்படத்தில் இருந்த புள்ளிகள் 10,000. இக்காலச் செல்பேசியில் 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகள் கொண்ட படம் எளிதிற் கிடைக்கின்றது.

இம்மாற்றத்தாற் கற்போர்க்கு விளைந்த பெருநன்மை ஒன்று உண்டு. படச்சுருள் வழங்கிய காலத்தில், ஒரு சுருளுக்கு 36 படங்கள்; அவற்றைக் கழுவி அச்சிட்ட பின்னரே பிழை புலப்படும். இன்று பிழைக்குச் செலவில்லை. அஃது உடனே கண்முன் தோன்றுகின்றது. இந்நன்மையே தீமையும் ஆயிற்று. ஒரே காட்சியை நாற்பது முறை எடுத்து, அந்நாற்பதில் ஒன்றையேனும் மீண்டும் பாராதிருப்போர் பலர். எடுப்பது எளிதாகிவிட்டபடியால், இக்கலையின் உழைப்பு முழுவதும் எடுக்குமுன் பார்த்தலிலும் எடுத்தபின் தேர்தலிலும் தங்கிவிட்டது. தொடங்குவோர் ஒருநாளைக்குப் பன்னிரண்டு படங்களே எடுப்பது என்று ஓர் எல்லை வகுத்துக் கொள்வது நல்ல பயிற்சி. பன்னிரண்டே என்னும்போது விரல் தயங்கும். விரல் தயங்கும்போது கண் வேலை செய்யத் தொடங்கும்.

புதிய கேமரா வாங்கித் தருமாறு பெற்றோரை வருத்த வேண்டுவதில்லை. வீட்டில் உள்ள செல்பேசியே முதலாண்டுப் பயிற்சிக்குப் போதும். படம் எடுக்குமுன் அதன் லென்சை மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தல் வேண்டும். கைரேகையின் எண்ணெய் படிந்த லென்சால் எடுத்த படம் பனி மூடியதுபோல் மங்கும். பலர் தம் செல்பேசி பழுதடைந்ததென்று வருந்துவது இவ்வெண்ணெயால் என்பதை அறியார். முழங்கைகளை விலாவோடு சேர்த்து, இரு கைகளாலும் பிடித்தால் படம் அசையாது. தொலைவில் உள்ளதைத் திரையில் விரல்களால் விரித்துப் பெரிதாக்குதல் கூடாது. பெரும்பாலும் அது படத்தின் ஒரு பகுதியை வெட்டி ஊதிக் காட்டுவதே. இயன்றவரை கால்களால் நடந்து அணுகுதல் வேண்டும்.

இனி ஒளியைப் பயிலும் முறையைக் காண்போம். நம் அகப்பொருள் இலக்கணத்தில் முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் ஆகும். முல்லைக்கு மாலை, நெய்தலுக்கு எற்பாடு, பாலைக்கு நண்பகல் எனப் பொழுதினை நிலத்தோடு பிரியாது வைத்தனர் நம் முன்னோர். எல் என்னும் ஞாயிறு படும் பொழுது எற்பாடு. படம் எடுப்போனுக்கும் இவ்விரண்டுமே முதற்பொருள். ஒரே இடம் காலையில் ஒன்றாகவும் நண்பகலில் மற்றொன்றாகவும் தோன்றும். இதனைச் சோதித்தறிய ஒரு மட்பானை போதும். அதனைச் சாளரத்தின் அருகே வைத்து, சாளரம் உங்கள் முதுகுப்புறம் இருக்குமாறு நின்று ஒரு படம் எடுங்கள். பானை தட்டையாக, வரைந்து ஒட்டியதுபோல் தோன்றும். சாளரம் பக்கத்தில் இருக்குமாறு நின்று எடுங்கள். ஒருபுறம் ஒளியும் மறுபுறம் நிழலும் படிப்படியாக மாற, பானையின் உருண்டை வடிவம் வெளிப்படும். குயவர் விரல் ஓடிய வரைகளும் தெரியும். சாளரத்தை எதிர்நோக்கி நின்று எடுங்கள். பானை கரிய உருவாய் நிற்க, அதன் விளிம்பு மட்டும் ஒளிரும். பானை ஒன்றே, படம் மூன்று. இப்பயிற்சியை ஒரு கிழமை செய்தவன், நூறு பக்கம் படித்தும் அறியலாகாத ஒன்றை அறிந்துகொள்வான்.

இவ்வறிவு எத்துணைப் பயனுடையது என்பதைக் கல்வெட்டில் வைத்துக் காணலாம். கல்வெட்டெழுத்து என்பது கல்லிற் குழிந்த கோடு. நேரே விழும் ஒளி குழியையும் மேட்டையும் ஒப்ப நிரப்பிவிடும், எழுத்து மறையும். ஒளி சுவரை ஒட்டிச் சாய்ந்து சென்றாலோ ஒவ்வொரு கோட்டிலும் நிழல் தங்கும். தேய்ந்த எழுத்தும் எழுந்து நிற்கும். தஞ்சைக் கோயில் கிழக்கு நோக்கியது. கிழக்குச் சுவரில் விடியற்கால ஒளி நேராக விழுகின்றது. விமானத்தின் நிறத்திற்கு அது நல்லது, எழுத்திற்கு ஆகாது. கதிரவன் உச்சியை நெருங்குகையில் ஒளி மேலிருந்து சுவரைத் தடவிக்கொண்டு இறங்கும். மேலே நீண்டிருக்கும் கல்லின் நிழல் மறைக்காத நேரம் பார்த்து அப்போது எடுத்தால் எழுத்து விளங்கும். மேற்குச் சுவருக்கு அவ்வொளி உச்சி சாய்ந்தவுடன் கிடைக்கும். மக்களது முகத்தை எடுப்பதற்குத் தகாத நண்பகலே கல்லின் எழுத்திற்கு உற்ற பொழுதாதல் காண்க.

நம் சிற்றூர்களில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் சாய்ந்து கிடக்கும் நடுகற்கள் பல. மழையும் வெயிலும் அவற்றைத் தேய்க்கின்றன. சுண்ணாம்பு பூசி எழுத்தை மறைப்பாரும் உளர். உங்கள் ஊரில் அத்தகைய கல் இருக்குமாயின், மாலை மங்கிய பின்னர் டார்ச் விளக்கைக் கல்லின் பக்கவாட்டிற் பிடிக்கச் செய்து படம் எடுங்கள். எழுத்து தெளிவாகத் தெரியவேண்டும் என்று சுண்ணக்கட்டியால் தேய்த்தலும் எண்ணெய் பூசுதலும் செய்யற்க. அவை கல்லைக் கெடுக்கும். கல் முழுதும் தோன்ற ஒன்றும், எழுத்துப் பகுதி மட்டும் அண்மையில் ஒன்றும், அளவு தெரியும்படி ஓர் அடிக்கோலைப் பக்கத்தில் வைத்து ஒன்றுமாக மூன்று படங்கள் போதும். நாளைக்கு அக்கல் பெயர்க்கப்பட்டாலும் அப்படம் சான்றாக நிற்கும். மாணவன் ஒருவன் விளையாட்டாகத் தொடங்கிய பொழுதுபோக்கு வரலாற்றிற்கு உதவும் இடம் இது.

கேமராவினுள் புகும் ஒளியை அடக்கியாள மூன்று வழிகள் உள. மடையைத் திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சுவதை ஒப்பிட்டால் இவற்றுள் இரண்டு எளிதில் விளங்கும். மடைவாய் அகலமானால் நீர் மிகுதியாகப் பாயும். நெடுநேரம் திறந்து வைத்தாலும் மிகுதியாகப் பாயும். லென்சின் துளையே மடைவாய். அதனை 2.8, 4, 5.6, 8, 11, 16 என்னும் எண்களாற் குறிப்பர். எண் சிறிதாயின் துளை பெரிது. 8 என்றால் துளையின் அகலம் லென்சின் குவியத் தொலைவில் எட்டில் ஒரு பங்கு. 4 என்றால் நான்கில் ஒரு பங்கு. இவ்வரிசையில் ஒரு படி ஏறினால் ஒளி பாதியாகும். துளை பெரிதாயின் முன்னிற்கும் பொருள் தெளிந்து பின்னுள்ளவை மங்கும். சிறிதாயின் அண்மையும் சேய்மையும் ஒருங்கே தெளியும். பெரும்பாலான செல்பேசிகளில் துளை மாறாதது. அடுத்தது ஷட்டர் திறந்திருக்கும் நேரம். ஒரு விநாடியை ஆயிரம் கூறிட்டு ஒரு கூறளவே திறந்தால் பறக்கும் கொக்கின் சிறகும் அசையாது நிற்கும். 1/30 விநாடியினும் மிகுமாயின் கையின் நடுக்கமே படத்தைக் கலைக்கக்கூடும். மூன்றாவது, ஐ.எஸ்.ஓ. என்னும் எண். பெற்ற ஒளியைப் பெருக்கிக் காட்டுவது இது. பேசுவோர் குரல் மெலிந்திருக்க, ஒலிபெருக்கியை மிக உயர்த்தினால் குரலோடு இரைச்சலும் பெருகுமன்றோ? அங்ஙனமே இருட்டில் இவ்வெண்ணை உயர்த்தினால் படத்தில் மணல் தூவினாற்போன்ற புள்ளிகள் தோன்றும்.

இவற்றையெல்லாம் கருவி தானே அமைத்துக் கொள்ளுமே எனலாம். அமைத்துக் கொள்ளும், ஆனால் அது காண்பதற்கு ஒரு வழக்கம் வைத்திருக்கின்றது. காட்சி எதுவாயினும் அதன் ஒளி நடுத்தரமாக இருத்தல் வேண்டும் என்று அது கருதும். வெள்ளையடித்த சுவரின்முன் பாட்டியை நிறுத்திப் படம் எடுத்தால், கேமரா சுவரின் வெண்மையைக் கண்டு ஒளியைக் குறைத்துவிடும். பாட்டியின் முகம் கறுத்துச் சுருக்கங்களும் கண்ணும் தெரியாது போகும். அப்போது திரையில் பாட்டியின் முகத்தைத் தொட்டு, அருகே தோன்றும் ஒளிக்குறியைச் சிறிது உயர்த்துதல் வேண்டும். அதனினும் நல்லது அவரைத் திண்ணை நிழலில் தெருவை நோக்கி அமரச் செய்வது. முகத்திற்கு மென்மையான ஒளி அங்கே கிடைக்கும். இதற்கு மாறாக, வானமோ வெள்ளை வேட்டியோ அளவுக்கு மீறி வெளுத்துப்போனால் அதனைப் பின்னர்த் திருத்தலாகாது. கலம் நிரம்பி வழிந்தபின் அளவேது?

படத்தின் எல்லைக்குள் எதனை வைப்பது, எதனை விலக்குவது என்பது அடுத்த கேள்வி. தொடங்குவோர் நடுவிலுள்ள பொருளை மட்டும் நோக்கி, நான்கு ஓரங்களைப் பாராது விடுவர். அதனால் தலையில் மின்கம்பம் முளைத்த தாத்தாக்களும் கால் வெட்டுண்ட பசுக்களும் படங்களிற் பெருகுகின்றனர். இடத்தையும் மேலையும் கீழையும் மூன்று மூன்றாகப் பிரித்து, கோடுகள் சந்திக்கும் புள்ளிகளில் முதன்மையானதை வைக்க வேண்டும் என்று நூலோர் கூறுவர். அது நல்ல தொடக்கம். ஆனால் சட்டம் அன்று. குளத்தில் நிழல் நேராக விழும் கோபுரத்தை நடுவில் வைப்பதே அழகு. குழந்தையை எடுப்போர் குனிந்து அதன் கண்மட்டத்திற்கு இறங்குதல் வேண்டும் என்பதை மட்டும் நான் சட்டமாகவே சொல்வேன்.

எடுக்கப்படும் பொருளைப் பற்றிய அறிவு கருவியின் விலையினும் பெரிது. இதற்குச் சான்று மா. கிருஷ்ணன் அவர்கள். பத்மாவதி சரித்திரம் என்னும் நாவலை எழுதிய அ. மாதவையாவின் மகனார் இவர். காட்டு விலங்குகளையும் பறவைகளையும் நெடுங்காலம் நோக்கிப் படம் எடுத்ததோடு, 1950 முதல் 1996-இல் மறையும் வரை ஸ்டேட்ஸ்மன் இதழில் இயற்கையைப் பற்றி இடைவிடாது எழுதியும் வந்தார். பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். வெவ்வேறு கருவிகளின் பகுதிகளை இணைத்துத் தாமே அமைத்துக் கொண்ட கேமராவிற்குச் 'சூப்பர் பாண்டெரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் இட்டிருந்தார். யானை எப்பக்கம் திரும்பும், காது எப்போது விரியும் என்பதை அறிந்தவனுக்கே அவ்விலங்கின் இயல்பு காட்டும் படம் கிட்டும். உங்கள் வீட்டு முற்றத்துத் தவிட்டுக்குருவிக்கும் அதுவே முறை. முதல் மூன்று நாள் கேமராவின்றி அதனை நோக்குங்கள்; அஃது எக்கிளையில் முதலில் வந்து அமரும் என்று தெரிந்தபின் கேமராவை எடுங்கள்.

மக்களைப் படம் எடுக்கும்போது அவரது இசைவு பெறுதல் வேண்டும். சந்தையில் காய் விற்கும் அம்மையார் காட்சிப்பொருள் அல்லர். 'அம்மா, ஒரு படம் எடுத்துக் கொள்ளட்டுமா?' என்று கேட்டால் பெரும்பாலோர் மறுப்பதில்லை. மறுத்தால் அதனை ஏற்று அகலுதல் முறை. எடுத்த படத்தை அவரிடம் காட்டுங்கள். பிறர் துன்புறும் நிலையையும் உறங்கும் நிலையையும் எடுத்துப் பலர்க்கும் அனுப்புதல் இழிசெயல். கோயிலிலோ பிற இடத்திலோ தடை எழுதியிருந்தால் அதனை மீறற்க. தம் முகத்தையே நாள்தோறும் எடுத்து மகிழ்வோரும் உளர். அதனைக் குற்றம் என்று கூறமாட்டேன்; ஆயினும் இவ்வுலகில் நாம் முன்னரே நன்கு அறிந்த முகம் அஃது ஒன்றே. இருப்புப்பாதையிலும் அருவியின் வழுக்குப்பாறையிலும் நின்று அம்முகத்தை எடுக்க முயன்று உயிரிழந்த இளைஞர் பலர்.

இறுதியாக, எடுத்த படங்களைத் தேர்தலும் காத்தலும். கிழமைக்கு ஒருநாள் அமர்ந்து, அவ்வாரத்துப் படங்களுள் சிறந்தன ஐந்தினைத் தேர்ந்து, ஒத்த படங்களை நீக்கிவிடுங்கள். ஏன் இது நன்று, ஏன் அது நன்றன்று என்று ஒரு சுவடியில் இரண்டு வரி எழுதி வைத்தால் கண் விரைவிற் பழகும். படங்களைச் செல்பேசியில் மட்டும் வைத்திருத்தல் ஆகாது. அது நீரில் வீழ்ந்தாலோ களவு போனாலோ பல ஆண்டு வாழ்க்கை ஒரே நாளில் அழியும். கணிப்பொறியில் ஒரு படியும், தனியான சேமிப்புக் கருவியில் மற்றொரு படியும் இருத்தல் வேண்டும். 'படம் 4817' என்று கருவி இட்ட பெயரால் யாதும் விளங்காது. ஆண்டு, திங்கள், ஊர், படத்தில் உள்ளவர் பெயர் ஆகியவற்றைச் சேர்த்துப் பெயரிடுங்கள். பழைய வீடுகளின் சுவரில் தலைப்பாகையும் வேட்டியுமாய் நிற்கும் பெரியவர் சிலரை இன்று யார் என்று சொல்வார் இல்லை; படம் இருக்கின்றது, பெயர் போயிற்று. ஆண்டுதோறும் பன்னிரண்டு படங்களையாவது நல்ல தாளில் அச்சிட்டு, பின்புறத்தில் மென்மையான பென்சிலால் அவ்விவரங்களை எழுதி வைத்தல் வேண்டும். பேனா மை முன்பக்கம் ஊறித் தெரியும்.